இந்திய நோயாளரிடையே வாய்ப் புற்றுநோய்: பரவலும் காரணங்களும் தடுப்பும்

(களப் பணியாளர்க்கும் ஆசிரியர்க்கும் உரிய பாடக் கட்டுரை)

உதடுகள், கன்னங்களின் உட்புறம், ஈறுகள், நாக்கின் முன்பகுதி, நாக்கின் அடியிலுள்ள வாய்த்தரை, கடின அண்ணம் ஆகிய இடங்களில் தோன்றும் புற்றுநோய்கள் வாய்ப் புற்றுநோய் என்னும் ஒரே தொகுதியில் அடங்கும். நாக்கின் வேர்ப்பகுதியிலும் உள்நாக்கிலும் தொண்டையிலும் தோன்றுவன வேறு தொகுதியில் வைத்து எண்ணப்படுகின்றன. இப்பிரிவினை வெறும் வசதிக்காகச் செய்யப்பட்டதன்று. தொண்டைப் புற்றில் ஒரு பகுதி வைரஸ் தொற்றினால் உண்டாவது. வாய்ப் புற்றிலோ வைரசின் பங்கு சிறிது; மனிதன் தன் கையாலேயே வாயில் இடும் பொருள்களின் பங்கே பெரிது.

2022ஆம் ஆண்டுக்குரிய சர்வதேச மதிப்பீட்டின்படி உலகில் புதிதாக வாய்ப் புற்றுநோய் கண்டோர் தொகை சுமார் 3,89,000 ஆகும். இவர்களுள் சுமார் 1,43,000 பேர் இந்தியர். உலக மக்களுள் இந்தியர் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கினரே. வாய்ப் புற்று நோயாளருள்ளோ மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர் இந்நாட்டவர். அதே ஆண்டில் இந்நோயால் இந்தியாவில் இறந்தோர் சுமார் 80,000 என மதிப்பிடப்பட்டுள்ளது. இந்திய ஆண்களைத் தாக்கும் புற்றுநோய்களுள் இதுவே முதலிடம் வகிக்கிறது. நோயாளர் நால்வரில் மூவர் ஆண்கள்.

இவ்வளவு பேரைத் தாக்கும் இந்நோய் உடலின் உள்ளே மறைந்திருந்து வளர்வதன்று. வாயைத் திறந்து வெளிச்சத்தில் நோக்கினால் கண்ணுக்குப் புலப்படும் இடத்தில் தோன்றுகிறது. தோன்றுமுன்பே பல ஆண்டுகள் அடையாளம் காட்டுகிறது. எனினும் நோயாளருள் பெரும்பாலோர் நோய் முற்றிய பின்னரே மருத்துவமனையை அடைகின்றனர். இந்நிலை எவ்வாறு ஏற்பட்டது, அதனை மாற்றக் களப் பணியாளரும் ஆசிரியரும் என்ன செய்யக்கூடும் என்பவற்றை ஆராய்தல் இப்பாடத்தின் நோக்கமாகும்.

1. எண்ணிக்கைகள் கிடைக்கும் வழி

நோயாளரைப் பற்றிய செய்திகள் இருவகைப் பதிவேடுகளிலிருந்து பெறப்படுகின்றன. முதல் வகை மருத்துவமனைப் பதிவேடு. ஒரு மருத்துவமனைக்கு வந்த நோயாளர் அனைவரும், அவர் எவ்வூரினராயினும், இதில் இடம் பெறுவர். நோய் எந்நிலையில் கண்டுபிடிக்கப்பட்டது, என்ன சிகிச்சை அளிக்கப்பட்டது என்பன இதில் விரிவாகக் காணப்படும். இரண்டாம் வகை மக்கள்தொகைப் பதிவேடு. ஒரு நகரம் அல்லது மாவட்டம் என எல்லை வகுத்துக்கொண்டு, அவ்வெல்லைக்குள் நிலையாக வாழ்வோருள் எவருக்குப் புற்றுநோய் கண்டாலும், அவர் எங்குச் சிகிச்சை பெற்றாலும், அது தேடிப் பதியப்படும். வெளியூரிலிருந்து சிகிச்சைக்காக வந்தவர் இதில் சேர்க்கப்படார்.

இவ்வேறுபாட்டை நன்கு மனத்திற்கொள்ள வேண்டும். பம்பாயில் 1941இல் நிறுவப்பெற்ற டாட்டா நினைவு மருத்துவமனைக்கு நாட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் நோயாளர் வருகின்றனர். அங்கு வாய்ப் புற்று நோயாளர் மிகுந்திருப்பது கொண்டு பம்பாய் நகரத்தாரிடையே அந்நோய் மிகுதி என முடிவு கட்டுதல் பிழையாகும். மருத்துவமனைப் பதிவேடு வந்தவரை எண்ணும். வராதவரை அது அறியாது.

இந்தியாவின் முதல் மக்கள்தொகைப் புற்றுநோய்ப் பதிவேடு 1963இல் இந்தியப் புற்றுநோய்ச் சங்கத்தால் பம்பாயில் தொடங்கப்பட்டது. 1981இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தைத் தோற்றுவித்தது. பம்பாய், பெங்களூர், சென்னை ஆகிய நகரங்களில் மக்கள்தொகைப் பதிவேடுகளும், சண்டிகர், திப்ரூகர், திருவனந்தபுரம் ஆகிய இடங்களில் மருத்துவமனைப் பதிவேடுகளும் 1982ஆம் ஆண்டு முதல் செய்தி திரட்டின. 1987இல் மகாராஷ்டிரத்தின் பார்சி வட்டாரத்தில் கிராமப்புறத்துக்கெனத் தனிப் பதிவேடு ஏற்பட்டது. நோயாளர் மருத்துவமனைக்கு வருவர் எனக் காத்திராமல், பணியாளரே கிராமங்களுக்குச் சென்று நோய்க்குறி உடையோரைத் தேடிக் காணும் முறை அங்குக் கையாளப்பட்டது. 2020இல் வெளியான தேசிய அறிக்கை 28 மக்கள்தொகைப் பதிவேடுகளும் 58 மருத்துவமனைப் பதிவேடுகளும் அளித்த செய்திகளை அடிப்படையாகக் கொண்டது. நாட்டு மக்களுள் சுமார் பத்தில் ஒரு பங்கினரே மக்கள்தொகைப் பதிவேடுகளின் எல்லைக்குள் அடங்குவர். எஞ்சியோர்க்குரிய எண்ணிக்கை இவற்றைக் கொண்டு மதிப்பிடப்படுகிறது.

2. வீதத்தைக் கணக்கிடும் முறை

இரண்டு வட்டாரங்களை ஒப்பிடும்போது நோயாளர் தொகையை மட்டும் நோக்குதல் போதாது. மக்கள்தொகையில் 1,00,000 பேருக்கு எத்தனை நோயாளர் என்னும் வீதத்தை நோக்க வேண்டும். அவ்வீதமும் சில வேளைகளில் மயக்கம் தரும். வாய்ப் புற்று பெரும்பாலும் நடுவயதிலும் அதற்கு மேலும் தோன்றுவது. ஆகவே, முதியோர் மிகுந்த வட்டாரத்தில் நோயாளரும் மிகுந்திருப்பர்.

இதனை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். 1,00,000 மக்கள் கொண்ட இரண்டு வட்டாரங்கள் உள்ளன எனக் கொள்வோம். முதல் வட்டாரத்தில் 40 வயதுக்கு உட்பட்டோர் 80,000 பேர். மேற்பட்டோர் 20,000 பேர். இரண்டாவதில் உட்பட்டோர் 60,000 பேர். மேற்பட்டோர் 40,000 பேர். இரு வட்டாரங்களிலும் இளையோரிடையே நோய் வீதம் இலட்சத்துக்கு 5 என்றும், மூத்தோரிடையே இலட்சத்துக்கு 50 என்றும் வைத்துக்கொண்டால், முதல் வட்டாரத்தில் நோயாளர் 4, 10 ஆக மொத்தம் 14 பேர். இரண்டாவதில் 3, 20 ஆக மொத்தம் 23 பேர். அந்தந்த வயதினர்க்குரிய ஆபத்து இரண்டிடத்தும் ஒன்றே. ஆயினும் மேற்போக்காக நோக்குவார்க்கு இரண்டாம் வட்டாரம் நோய் மிகுந்த இடமாகத் தோன்றும். இம்மயக்கத்தை நீக்கும்பொருட்டு, எல்லா வட்டாரங்களுக்கும் பொதுவானதொரு வயதமைப்பை ஏற்றுக்கொண்டு வீதத்தைத் திருத்திக் கணக்கிடுவர். பதிவேட்டு அறிக்கைகளில் காணப்படும் வயது திருத்திய வீதம் என்பது இதுவே. உயர்நிலைப் பள்ளிக் கணித வகுப்பில் இக்கணக்கை மாணவரைக் கொண்டே செய்வித்தல் எளிது.

3. பழக்கமும் புண் தோன்றும் இடமும்

நெய்யூர் என்னும் ஊர் அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. 1956 முதல் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. அங்கிருந்த மிஷன் மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் ஐ. எம். ஓர் என்பார், வெற்றிலை பாக்குடன் புகையிலை மெல்லுவோர்க்கு வாய்ப் புற்று உண்டாதலை ஆராய்ந்து 1933இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அஃது ஒரு மருத்துவமனையில் கண்ட செய்தி. மெல்லுவோர், மெல்லாதோர் ஆகிய இரு சாராரையும் கிராமத்திலேயே கண்டு ஒப்பிட்டாலன்றி அச்செய்தி உறுதி பெறாது.

அத்தகைய ஆராய்ச்சி இந்தியாவில் பெரிய அளவில் நடைபெற்றது. உத்தரப் பிரதேசத்தின் மைன்புரி மாவட்டத்தில் டாக்டர் பி. என். வாஹி நடத்திய ஆய்வின் முடிவுகள் 1968இல் வெளிவந்தன. புகையிலை, சுண்ணாம்பு, பாக்கு ஆகியவற்றுடன் வாசனைப் பொருள்களும் கலந்து செய்யப்படும் மைன்புரிப் புகையிலைக்கும் வாய்ப் புற்றுக்கும் உள்ள தொடர்பு அவ்வாய்வால் தெளிவாயிற்று. மற்றொன்று, பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் பல் ஆராய்ச்சிப் பிரிவு நடத்தியது. டாக்டர் ஃபாலி மேத்தாவும் டென்மார்க்கைச் சேர்ந்த பேராசிரியர் பிண்ட்போர்க்கும் அவர்தம் துணைவரும் 1966, 1967ஆம் ஆண்டுகளில் வீடுதோறும் சென்று 50,915 கிராம மக்களின் வாயைச் சோதித்தனர். கேரளத்து எர்ணாகுளம், ஆந்திரத்து ஸ்ரீகாகுளம், குஜராத்தின் பாவ்நகர், அக்காலப் பீகாரின் தர்பங்கா, சிங்பூம் என ஐந்து மாவட்டங்கள் இதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஒவ்வொரு மாவட்டத்திலும் புகையிலைப் பழக்கம் ஒவ்வொரு வகையாக இருந்ததே இத்தேர்வுக்குக் காரணம்.

எர்ணாகுளத்தில் வெற்றிலை பாக்குடன் புகையிலை சேர்த்து மென்று கொடுப்பில் அடக்கிக்கொள்ளும் வழக்கம் பரவியிருந்தது. அவ்வாறு அடக்குவோர்க்குக் கன்னத்தின் உட்புறத்திலும், கன்னமும் கீழ் ஈறும் கூடும் பள்ளத்திலும் மாற்றங்கள் காணப்பட்டன. பாவ்நகரில் பீடி மிகுதி. பீடி புகைப்போர்க்கு வாயின் கடைக்கோணங்களில் வெண்படலம் படர்ந்திருந்தது. பீகார் மாவட்டங்களில் புகையிலைத் தூளைச் சுண்ணாம்புடன் உள்ளங்கையில் கசக்கிக் கீழுதட்டுக்கும் ஈறுக்கும் இடையே வைப்பர். கைனி எனப்படுவது இதுவே. இங்கு மாற்றம் அப்பள்ளத்திலேயே தோன்றியது. ஸ்ரீகாகுளத்தின் வழக்கம் மிக விந்தையானது. அங்குச் சுட்டா என்னும் சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைப்பர். பெண்களிடையே இவ்வழக்கம் மிகுதி. நெருப்பின் வெப்பமும் புகையும் நேரே படுவது அண்ணத்தில். ஏனைய இடங்களில் அரிதான அண்ணப் புற்று, ஸ்ரீகாகுளத்துப் பெண்களிடையே மிகுந்து காணப்பட்டது.

இதனினும் தெளிவான சான்று வேறில்லை எனலாம். பொருள் வைக்கப்படும் இடம் மாறினால் புண் தோன்றும் இடமும் மாறுகிறது. மேலை நாடுகளில் புகைத்தலும் மதுவும் முதன்மைக் காரணங்களாதலின் அங்கு நாக்கிலும் வாய்த்தரையிலும் நோய் மிகுதி. வாயில் அடக்கும் புகையிலை மிகுந்த இந்தியாவில் கன்னத்திலும் ஈற்றிலும் மிகுதி. எர்ணாகுளம், பாவ்நகர், ஸ்ரீகாகுளம் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் சுமார் 30,000 மக்கள் பத்தாண்டுகள் தொடர்ந்து கண்காணிக்கப்பட்டனர். அக்காலத்தில் புதிதாகத் தோன்றிய வாய்ப் புற்றுகள் அனைத்தும் புகையிலை மென்றோர், புகைத்தோர் ஆகியோரிடமே தோன்றின.

4. கேடு செய்யும் பொருள்கள்

புகையிலை பதப்படும்போது, அதிலுள்ள நிகோடின் முதலான காரப்பொருள்களிலிருந்து நைட்ரோசமைன் என்னும் சேர்மங்கள் உண்டாகின்றன. இவற்றுள் சில புற்று விளைப்பன என ஐயமற நிறுவப்பட்டுள்ளன. உடன் சேர்க்கும் சுண்ணாம்பு வாயின் காரத்தன்மையை உயர்த்தி, நிகோடின் விரைந்து உடலிற் சேரத் துணைசெய்கிறது. மெல்லிய சளிச்சவ்வையும் புண்படுத்துகிறது.

பாக்கைப் பற்றித் தவறான நம்பிக்கை ஒன்று பரவியுள்ளது. புகையிலையைத் தவிர்த்துவிட்டால் பாக்கு தீங்கற்றது எனப் பலர் கருதுகின்றனர். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1985இல் புகையிலை சேர்ந்த தாம்பூலத்தை மட்டுமே புற்று விளைப்பதாக வகைப்படுத்தியது. பின்னர்க் கிடைத்த சான்றுகளை ஆராய்ந்து, 2004இல் வெளியிட்ட நூலில், புகையிலை சேராத தாம்பூலமும் பாக்கும் மனிதர்க்குப் புற்று விளைப்பனவே என முடிவு கூறியது. மேகாலயத்தில் க்வாய் என வழங்கும் பாக்கு பெரும்பாலும் புகையிலையின்றியே மெல்லப்படுவதாகும்.

பாக்கிலுள்ள அரிகோலின் என்னும் பொருள், சளிச்சவ்வின் அடியிலுள்ள உயிரணுக்களைத் தூண்டி நார்ப்பொருளை மிகுவிக்கிறது. பாக்கிலுள்ள செம்புச் சத்து அந்நார்களை இறுகப் பிணைக்கத் துணைசெய்கிறது. நாளடைவில் கன்னம் வெளுத்து விறைக்கும். காரம் பட்டால் எரியும். வாய் சிறிது சிறிதாகத் திறக்க இயலாமற் போகும். வாய் இறுக்க நோய் எனக் கூறத்தக்க இந்நிலை இந்தியரிடையே 1950களின் தொடக்கத்தில் விவரிக்கப்பட்டது. எர்ணாகுளத்தில் இந்நோயுடையோரை 17 ஆண்டுகள் கண்காணித்தபோது நூற்றுக்கு 7.6 பேர் வீதம் புற்றுநோய் கண்டனர். பொட்டலங்களில் அடைத்து விற்கப்படும் பான் மசாலா, குட்கா ஆகியவற்றில் உலர்ந்த பாக்கே பெரும்பகுதி. அவற்றால் இளம் வயதினரிடமும் இவ்விறுக்கம் காணப்படுவது கவலைக்குரியது.

மது தனித்தும் இந்நோய்க்குக் காரணமாகும். புகையிலையும் மதுவும் சேர்ந்தால் விளையும் ஆபத்து, இரண்டின் கூட்டுத்தொகையினும் மிகையானது.

பழக்கத்தின் அளவை அறிய, 2016-17இல் நடந்த வயது வந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பு பயன்படுகிறது. 15 வயதுக்கு மேற்பட்ட இந்தியருள் நூற்றுக்கு 28.6 பேர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்தினர். 2009-10இல் இது 34.6 ஆக இருந்தது. வாயில் அடக்கும் புகையிலையைப் பயன்படுத்தியோர் நூற்றுக்கு 21.4 பேர், புகைத்தோர் 10.7 பேர். பெண்களுள் புகைத்தோர் நூற்றுக்கு 2 பேரே. வாயில் அடக்கியோர் 12.8 பேர். நாட்டில் மிகுதியாகப் பயன்பட்டது கைனி. பயன்படுத்துவோர் வீதம் திரிபுராவில் 64.5 ஆகவும் கோவாவில் 9.7 ஆகவும் இருந்தது. வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபாடு இவ்வளவு பெரிதாயிருத்தலின், நாட்டின் சராசரியைக் கொண்டு ஒரு கிராமத்தை மதிப்பிடலாகாது. களப் பணியாளர் தம் பகுதிக்குரிய பழக்கத்தைத் தாமே கேட்டறிதல் வேண்டும்.

5. புற்றுக்கு முன் தோன்றும் அடையாளங்கள்

வாய்ப் புற்றில் பெரும்பகுதி திடீரெனத் தோன்றுவதன்று. துடைத்தால் அகலாத வெண்படலம், வெல்வெட்டுத் துணிபோலச் சிவந்து தோன்றும் செம்படலம், மேற்கூறிய வாய் இறுக்கம் ஆகியவை முன்னரே தோன்றுவன. வெண்படலம் உடையோர் அனைவரும் புற்றுநோய் அடைவதில்லை. பலர்க்கு அப்படியே நின்றுவிடும். பழக்கத்தை விட்டபின் மறைதலும் உண்டு. ஆனால் வெண்மையிடையே செம்மை கலந்தும் சிறு முடிச்சுகள் எழுந்தும் காணப்பட்டால் ஆபத்து மிகுதி. செம்படலம் அதனினும் ஆபத்தானது.

இவற்றுள் எதுவும் தொடக்கத்தில் வலிப்பதில்லை. வலியில்லாத புண்ணை மக்கள் பொருட்படுத்துவதில்லை. பல் குத்தியது, சூடு பட்டது, உடற்சூடு என ஏதேனும் காரணம் கூறி ஒதுக்கிவிடுவர். வலி தோன்றும்போது நோய் பெரும்பாலும் ஆழ இறங்கியிருக்கும். கழுத்திலுள்ள நிணநீர்க் கணுக்களுக்கும் பரவியிருக்கக்கூடும். தொடக்கத்தில் சிறு அறுவையால் நீக்கத்தக்க புண், முற்றியபின் தாடை எலும்பையும் நாக்கின் பகுதியையும் அகற்ற வேண்டிய நிலையைத் தருகிறது. உண்ணவும் பேசவும் இயலாமல், உழைத்துக் குடும்பத்தைக் காக்கும் வயதில் ஒருவர் முடங்கிப்போதல் இந்நோயின் தனிக் கொடுமையாகும்.

6. திருவனந்தபுரம் ஆய்வு கற்பித்தவை

வாயைக் கண்ணால் நோக்கிச் சோதிப்பதால் உயிர்கள் காக்கப்படுமா என்னும் வினாவுக்கு விடை காண, திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996 முதல் 2004 வரை ஓர் ஆய்வு நடைபெற்றது. 13 பஞ்சாயத்துத் தொகுதிகளைத் திருவுளச்சீட்டு முறையில் இரண்டாகப் பிரித்தனர். ஏழு தொகுதிகளில் 35 வயதும் அதற்கு மேலும் உடைய 96,517 பேருக்குச் சோதனை அளிக்கப்பட்டது. ஆறு தொகுதிகளைச் சேர்ந்த 95,356 பேர் வழக்கமான மருத்துவ வசதியுடன் விடப்பட்டனர். சோதித்தவர் மருத்துவர் அல்லர். பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளரே.

முடிவுகள் 2005இல் வெளிவந்தன. எல்லா மக்களையும் சேர்த்து நோக்கியபோது, சோதனை அளித்த தொகுதிகளில் வாய்ப் புற்று மரண வீதம் நூற்றுக்கு 21 பங்கு குறைவாயிருந்தது. ஆனால் அவ்வேறுபாடு தற்செயலாக நேர்ந்திருத்தலும் கூடும் எனப் புள்ளியியல் காட்டியது. புகையிலையோ மதுவோ பழகியோரை மட்டும் நோக்கியபோது மரண வீதம் நூற்றுக்கு 34 பங்கு குறைந்திருந்தது. இஃது உறுதியான வேறுபாடு. சோதனையை 15 ஆண்டுகள் தொடர்ந்து நோக்கியபோது, நான்கு சுற்றுகளிலும் தவறாது சோதித்துக்கொண்ட, புகையிலையோ மதுவோ பழகியோரிடையே மரண வீதம் நூற்றுக்கு 81 பங்கு குறைந்திருந்ததாக 2013இல் அறிவிக்கப்பட்டது. முறைதவறாது சோதனைக்கு வருவோர் இயல்பாகவே உடல்நலத்தில் கருத்துடையோராயிருப்பர். ஆதலின் இப்பெருங்குறைவு முழுவதையும் சோதனையின் பயன் எனக் கொள்ளலாகாது. எனினும் ஒருமுறை நோக்குவதினும் திரும்பத் திரும்ப நோக்குதல் பயன் தரும் என்பது தெளிவு.

இவ்வாய்வின் முதற்கட்டத்தில் வேறொரு செய்தியும் வெளிப்பட்டது. சோதனை அளித்த தொகுதிகளில் நூற்றுக்கு 91 பேர் ஒருமுறையேனும் வாயைக் காட்டினர். ஐயத்துக்குரிய அடையாளம் கண்டு மருத்துவரிடம் செல்லுமாறு கூறப்பட்டோர் 5,145 பேர். சென்றவர் 3,218 பேர். அதாவது நூற்றுக்கு 63 பேர். எஞ்சியோர் செல்லவில்லை. அடையாளத்தைக் கண்டுபிடிக்கும் வேலை வீட்டுத் திண்ணையிலேயே முடிந்துவிடுகிறது. அங்கிருந்து மருத்துவமனை வரையுள்ள வழியிலேதான் பலர் தவறிப்போகின்றனர்.

7. களப் பணியாளர் செய்யத்தக்கவை

30 முதல் 65 வயது வரையுள்ளோர் அனைவர்க்கும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாய்ச் சோதனை செய்தல் வேண்டும் என 2016இல் மத்திய சுகாதார அமைச்சு நெறிமுறை வகுத்தது. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் நூற்றுக்கு 0.9 பேரும் ஆண்களுள் 1.2 பேருமே என்றேனும் வாய்ப் புற்றுச் சோதனை செய்துகொண்டதாகக் கூறினர். நூறு பேரில் ஒருவர் வாயே பார்க்கப்பட்டிருந்தது. ஆற்றவேண்டிய பணியின் அளவை இவ்வொரு செய்தி உணர்த்தும்.

சோதனைக்கு வேண்டியவை நல்ல வெளிச்சம், டார்ச் விளக்கு, தூய கையுறை, நாக்கைப் பற்ற மென்துணி ஆகியவையே. வாயைக் கொப்புளிக்கச் செய்து, செயற்கைப் பல் இருப்பின் எடுத்துவிடச் சொல்லி, உதடுகள், இரு கன்னங்களின் உட்புறம், ஈறுகள், நாக்கின் மேற்புறமும் இரு பக்கங்களும், நாக்கின் அடி, அண்ணம் என ஒரே வரிசையில் நோக்க வேண்டும். வரிசை மாறாதிருந்தால் எவ்விடமும் விடுபடாது. வாயில் அடக்கும் பழக்கமுடையோரிடம், வழக்கமாக எப்பக்கம் வைப்பார் என வினவி, அவ்விடத்தை இருமுறை நோக்குதல் நன்று. தடித்திருப்பதாகத் தோன்றும் இடத்தை விரலால் அழுத்திப் பார்த்தும், கழுத்தில் கட்டி உளதா எனத் தடவியும் அறிய வேண்டும். பொதுவாக ஒருவர் தம் மூன்று விரல்களை நிமிர்த்தி மேல் கீழ் முன்பற்களிடையே நுழைக்க இயல வேண்டும். இயலாதாயின் வாய் இறுக்கம் என ஐயுற வேண்டும்.

இரண்டு வாரத்தில் ஆறாத புண், வெண்படலம், செம்படலம், தடிப்பு, கழுத்துக் கட்டி, வாய் திறக்க இயலாமை, காரணமின்றிப் பல் ஆடுதல் ஆகியவற்றுள் ஒன்று காணப்படினும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமோ பல் மருத்துவரிடமோ அனுப்புதல் வேண்டும். இது புற்று என்றோ புற்றன்று என்றோ கூறுதல் களப் பணியாளர் வேலையன்று. திசுவைச் சிறிது எடுத்து நுண்காட்டியில் நோக்கியே அதனை முடிவு செய்வர். கத்தி பட்டால் நோய் பரவிவிடும் என அஞ்சிப் பலர் இச்சோதனைக்கு உடன்படுவதில்லை. அவ்வச்சம் ஆதாரமற்றது என்பதைப் பொறுமையுடன் விளக்க வேண்டும். இந்நோய் தொற்றுவதன்று என்பதையும் வீட்டாருக்கு எடுத்துரைத்தால் நோயாளரைத் தனியே ஒதுக்கும் வழக்கம் குறையும்.

அனுப்பியதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. பெயர், நாள், காணப்பட்ட அடையாளம், அதன் இடம், பழக்கத்தின் வகை, எத்தனை ஆண்டு, நாளைக்கு எத்தனை முறை என்பவற்றைக் குறித்து வைத்து, அடுத்த முறை அவ்வீட்டுக்குச் செல்லும்போது அவர் மருத்துவரைக் கண்டாரா என வினவ வேண்டும். காணவில்லையெனின் காரணத்தை அறிய வேண்டும். ஒரு நாள் கூலி போய்விடும் என்பதோ, துணைக்கு ஆளில்லை என்பதோ, வழி தெரியாது என்பதோ பெரும்பாலும் காரணமாயிருக்கும். இவற்றுக்கு வழி காண்பதும் சோதனையின் ஒரு பகுதியே.

பழக்கத்தை விடுமாறு கூறுதலும் பயனற்ற பேச்சன்று. எர்ணாகுளம், பாவ்நகர், ஸ்ரீகாகுளம் ஆகிய மாவட்டங்களில் புகையிலை பழகிய 36,471 பேரைத் தேர்ந்து, நேரிற் பேசியும் படங்கள் வாயிலாகவும் அறிவுறுத்திக் கண்காணித்தபோது, விட்டவர் தொகை உயர்ந்தது. வெண்படலம் புதிதாகத் தோன்றும் வீதம் குறைந்தது. விட விரும்புவோர் 1800 11 2356 என்னும் தேசிய இலவசத் தொலைபேசி எண்ணில் ஆலோசனை பெறலாம்.

8. ஆசிரியர் பங்கு

பாக்குப் பொட்டலம் சிறுவர் கையை எளிதில் அடைவது. விலை குறைவு, இனிப்பும் வாசனையும் சேர்ந்தது, புகைபோலப் பிறர்க்குப் புலப்படுவதுமன்று. 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயதுக்கு உட்பட்டோர்க்குப் புகையிலைப் பொருள்களை விற்றலும், கல்வி நிலையங்களிலிருந்து 100 கஜத் தொலைவுக்குள் விற்றலும் குற்றமாகும். உணவுப் பொருளில் புகையிலையோ நிகோடினோ கலத்தலாகாது என 2011ஆம் ஆண்டு விதி ஏற்பட்டது. அதனைக் கொண்டு 2012இல் மத்தியப் பிரதேசம் முதலாகப் பல மாநிலங்கள் குட்காவைத் தடை செய்தன. இதன்பின் பான் மசாலாவையும் புகையிலையையும் தனித்தனிப் பொட்டலங்களாக விற்று, வாங்குவோர் தாமே கலந்துகொள்ளும் வழக்கம் தோன்றிற்று. சட்டத்துக்கும் கடைக்கும் இடையே உள்ள இடைவெளியை நிரப்ப வல்லது பள்ளியே. கன்னத்தில் எரிச்சல், காரம் உண்ண இயலாமை, வாய் சரியாகத் திறவாமை ஆகியவை மாணவரிடம் காணப்படின், கண்டிப்பதற்கு முன் மருத்துவரிடம் அனுப்புதலே முறை. பாக்குப் பழக்கம் தொடங்கிய நிலையில் விடுதல் எளிது. இறுகிய வாய் முழுமையும் பழைய நிலைக்கு மீள்வது அரிது.

பயிற்சி வினாக்கள்

1. ஒரு நகர மருத்துவமனையில் புற்று நோயாளருள் பலர் வாய்ப் புற்று உடையோர். இதுகொண்டு அந்நகரில் அந்நோய் மிகுதி எனக் கூறலாமா? காரணம் தருக.

2. இரண்டாம் பிரிவிற் கண்ட கணக்கில், இரு வட்டாரங்களுக்கும் முதல் வட்டாரத்தின் வயதமைப்பையே பொதுவாகக் கொண்டு வீதத்தைத் திரும்பக் கணக்கிடுக. விடைகள் ஏன் ஒத்திருக்கின்றன?

3. அண்ணப் புற்று ஸ்ரீகாகுளத்தில் மிகுந்து காணப்பட்டதற்குக் காரணம் யாது? நும் பகுதியில் வழங்கும் புகையிலைப் பழக்கத்தை ஆராய்ந்து, வாயில் எவ்விடத்தை முதலில் நோக்குதல் வேண்டும் எனக் கூறுக.

4. திருவனந்தபுரம் ஆய்வில் மருத்துவரிடம் அனுப்பப்பட்டோருள் செல்லாதவர் எத்தனை பேர்? நும் கிராமத்தில் அத்தகையோரைச் செல்லச் செய்வதற்கு மூன்று வழிகள் கூறுக.